சரோஜா மெஸ்ஸின் ரோஸ் மாத்திரை

பல்பம் தின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் ருசி உடனே பிடிபட்டுவிடும். கடித்த மாத்திரத்தில் மாவாக உதிர்ந்து பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். முதலில் வெறும் சுண்ணாம்பு, பிறகு லேசாகச் சர்க்கரை, கடைசியில் தொண்டைக்குள் இறங்கும்போது பெப்பர்மின்ட்டின் குளிர்ச்சி. வெளிறிய ரோஸ் நிறத்தில், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் அந்த மாத்திரையை விழுங்கக் கூடாது, மென்று தின்ன வேண்டும். அட்டையில் அச்சடித்திருந்த நீளமான பெயரை எங்கள் ஊரில் யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை. "நெஞ்சு கரிக்குது, ஒரு ரோஸ் மாத்திரை குடு பாய்" என்றால் யாகூப் பாய் மெடிக்கலில் எடுத்துக் கொடுத்துவிடுவார். தலைவலித் தைலம் வாங்கி வர அம்மா என்னை அனுப்பும்போதெல்லாம், மற்ற கடைகளில் மிட்டாய் கொடுப்பதுபோல அவர் ஒரு ரோஸ் மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து அனுப்புவார். இன்றைக்கு என் பிள்ளைக்கு எவராவது அப்படிக் கொடுத்தால் நான் சண்டைக்குப் போய்விடுவேன். அன்றைக்கு எனக்கு அதைவிட உசத்தியான மிட்டாய் கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில், கல்பாக்கம் நகரியத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் நாங்கள் வாடகை வீட்டில் குடியிருந்தோம். அப்பா அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். அவருக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கியிருந்தார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர், தெருவெல்லாம் நிழல், பிள்ளைகளுக்குப் பூங்கா, சறுக்குமரம். ஆனாலும் நாங்கள் போகவில்லை. காரணம் அம்மா நடத்திய மெஸ். அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்திலிருந்து வந்தவள் அம்மா. ஒரு நாள் அப்பா கூட வேலை செய்கிற கல்யாணமாகாத பையன் ஒருவனைச் சாப்பிடக் கூட்டி வந்தார். அவன் மறுநாள் தானாகவே வந்தான். அதற்கு மறுநாள் இன்னொருவனையும் அழைத்து வந்தான். இப்படி வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா, கடைசியில் முன்கூடத்தில் நாலு பெஞ்சு போட்டு, வாசலில் "சரோஜா மெஸ்" என்று பலகையும் மாட்டிவிட்டாள். பிறந்த ஊரில் இன்னார் மகள், வந்த ஊரில் இன்னார் பெண்டாட்டி என்றே இருந்தவளுக்கு, அவள் பெயரை ஊரே சொன்னது அந்தப் பலகை வந்த பிறகுதான். போகிற போக்கில் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உள்ளே போவாள். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் சமையலைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டுமானால், காரம். மிளகாயை அவளே பொறுக்கி, அவளே மாடியில் காயவைத்து, மெஷினில் தானே முன்னால் நின்று அரைத்துக்கொண்டு வருவாள். மெஷின்காரருக்குத் தும்மல் வந்தால்தான் தூள் சரியாக வந்திருக்கிறது என்று கணக்கு. திங்கட்கிழமை சாம்பாரில்கூட அந்தத் தூள் மிதக்கும். புதன்கிழமை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கத்திரிக்காயும் மொச்சையும் போட்டு, புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, மேலே எண்ணெய் சிவப்பாகத் திரண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினத்துக் கரையிலிருந்து வந்த மீன். யாராவது தண்ணீர் சொம்பைத் தேடினால் அம்மா அவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். "காரமில்லாத கொழம்பும் கழனித்தண்ணியும் ஒண்ணு" என்பது அவள் கட்சி. யாராவது உப்பு தூக்கல் என்று முணுமுணுத்தால், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று பதில் தயாராக இருக்கும். மறுசோறு வேண்டாம் என்று இலையை மூடப் போகிறவர்களின் கைமேலேயே கரண்டியைக் கவிழ்க்கும் வழக்கமும் அவளுக்கு உண்டு.

சாப்பிட வந்தவர்களில் பாதிப்பேர் பஸ் டிரைவர்கள், கண்டக்டர்கள், கடைக்காரர்கள், கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர்கள். மீதிப்பேர் நிலையத்தில் பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர்கள். அம்மாவை அவர்கள் "அக்கா" என்றார்கள். நான் அவர்களை "அண்ணா" என்றேன். அதில் இரண்டு பேரை மட்டும் இங்கே சொன்னால் போதும். ஒருவர் அம்பாசமுத்திரத்துக்காரர் இசக்கி. எதையும் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பவர். இன்னொருவர் பொள்ளாச்சிப் பக்கத்து முருகேசன். கெமிஸ்ட்ரி படித்தவர், எதையும் யோசித்து முடித்த பிறகும் சொல்ல மாட்டார். தேங்காய்ப்பால் விட்ட குழம்பில் வளர்ந்த முருகேசன் அண்ணாவுக்கு அம்மாவின் சாப்பாடு ஒவ்வொரு நாளும் ஒரு பரீட்சை. முதல் கவளத்திலேயே காது சிவந்து, மூக்கில் நீர் வடிந்து, கண் கலங்கும். ஆனால் கருவாட்டுக் குழம்பு அன்று மூன்றாம் முறை சோறு கேட்கிற முதல் ஆளும் அவர்தான்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் எல்லோரும் வாசலில் சைக்கிள் நிறுத்தியிருக்கும் இடத்துக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொள்வார்கள். சட்டைப் பையில் கை போகும். "டப்" என்று அட்டை உடையும் சத்தம் கேட்கும். தாடைகள் மெல்ல அசையும். பக்கத்தில் நிற்பவனும் அதையே செய்துகொண்டிருப்பான்; ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அவன் சாப்பிடுகிறானே, நான் மட்டும் முடியாது என்று சொன்னால் மானம் என்னாவது என்று ஒவ்வொருவனுக்கும் எண்ணம். அம்மாவிடம் இதைச் சொல்லும் தைரியமோ ஒருவனுக்கும் கிடையாது. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் அவளுக்கு எதுவும் தெரியாது. யாகூப் பாய்க்கு மட்டும் எல்லாம் தெரியும். கடைக்குள் நான் காலை வைக்கும்போதே, "இன்னிக்கி கருவாடா பாப்பா? பொழுதுக்குள்ள டப்பா காலியாவும் போலக்கீதே" என்பார். வியாபாரத்தைக் கொண்டே எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று கண்டுபிடித்துவிடுகிற மனிதர், அதை அம்மா காதில் மட்டும் போடவில்லை. அது தொழில் தர்மம் என்று பின்னாளில் சொன்னார்.

முருகேசன் அண்ணாவுக்குத்தான் கரிப்பு அதிகம். பஸ்ஸில் உட்கார்ந்தால் புளித்த ஏப்பம், குனிந்தால் தொண்டை வரைக்கும் எரிச்சல். இத்தனை பொருளில் எது குற்றவாளி என்று தெரிந்துவிட்டால் அதை மட்டும் குறைத்துக்கொள்ளலாம், மற்றதை நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. படித்த பிள்ளையின் யோசனை வேறு எப்படி இருக்கும்? ஒரு புதன்கிழமை மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு, பையிலிருந்து நீல நிறக் காகிதப் பட்டைகளை வெளியே எடுத்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பயன்படுத்துகிற லிட்மஸ் காகிதம்தான். புளிப்புப் பட்டால் சிவக்கும். இருந்தாலும் அவர் அதை விரலால் தொடாமல் சின்ன இடுக்கியால் பிடித்து, கண்ணாடிக் கிளாஸில் ஊற்றிய குழம்பில் நனைத்துத் தூக்கிப் பார்த்த தோரணை இருக்கிறதே, அதற்குத்தான் நாங்கள் பின்னால் விலை கொடுத்தோம். காகிதம் சிவந்தது. ரசத்தில் விட்டார், சிவந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துச் சாயங்காலப் பாலை ஊற்ற வந்தாள் தேவகி அக்கா.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அவ்வப்போது ஒரு ஜீப் வரும். கடல் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், மீன், கீரை, பால் என்று எதையாவது கொஞ்சம் பாட்டிலில் எடுத்துப் போவார்கள். எதிலாவது கதிர்வீச்சு கலந்திருக்கிறதா என்று வாடிக்கையாகப் பார்ப்பது அது. நாங்கள் அதை "சாம்பிள் வண்டி" என்போம். தபால்காரர் வருவதுபோல அதுவும் வந்து போகும், யாரும் பயந்ததில்லை. தேவகி அக்காவுக்கு அதில் பெருமைகூட உண்டு. தன் மாட்டுப் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று யாராவது வாயைத் திறந்தால், "எம் பாலு சாம்பிள் பாஸான பாலு, தெரிஞ்சிக்க" என்று அடக்கிவிடுவாள். ஆனால் சாம்பிள் வண்டிக்காரர்கள் ஒருநாளும் யார் வீட்டுக் குழம்பையும் எடுத்ததில்லை.

"இன்னாடி பொண்ணு, உங்க வூட்டு கொழம்பையும் சாம்பிள் எடுத்துகினு கீறாங்களா?" என்று என்னைக் கேட்டாள் தேவகி அக்கா.

அம்மா காதில் விழுந்துவிடப்போகிறதே என்று முருகேசன் அண்ணா வெலவெலத்துப்போனார். "ஒண்ணுமில்லீங்க, சும்மாங்க" என்று சொல்லிக்கொண்டே சிவந்த காகிதங்களை மடித்துப் பைக்குள் திணித்தார். அதோடு போயிருக்கும், அந்த "ஒண்ணுமில்லீங்க" மட்டும் வராமல் இருந்திருந்தால். ஆபீஸ்காரர் ஒருவர் முகம் வெளுத்து ஒன்றுமில்லை என்று சொன்னால் அங்கே என்னவோ இருக்கிறது என்றுதான் எந்த ஊரும் எடுத்துக்கொள்ளும். தேவகி அக்கா பால் ஊற்றிய வீடுகளில் எல்லாம் செய்தியையும் ஊற்றிக்கொண்டு போனாள். பொழுது சாய்வதற்குள், சரோஜா மெஸ் குழம்பில் பேப்பரை விட்டார்களாம், ரத்தமாகச் சிவந்துவிட்டதாம் என்று பேச்சு. பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது அது கருவாட்டில் கதிர் இருக்கிறது என்று ஆகிவிட்டது. அந்தக் கருவாடு இருட்டில் மினுங்கியதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக ஒரு சைக்கிள் கடைக்காரர் சொன்னார். அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வந்தவரில்லை.

மறுநாள் பெஞ்சுகள் காலி. பயிற்சிப் பையன்கள் மட்டும் வந்து, தலையைத் தூக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். டிரைவர்கள் வரவில்லை, கடைக்காரர்கள் வரவில்லை. அறுத்து வைத்த இலைகள் ஓரம் சுருண்டு கிடந்தன. கரண்டியைக் கையில் பிடித்தபடி அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தெருவில் போகிறவர்கள் திடீரென்று எதிர்ப்பக்கச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அன்று சாயங்காலம் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "வுடு சரோஜா. ஊர் வாயை மூட உலைமூடி இல்ல. குவார்ட்டர்ஸு இன்னும் நம்ம பேர்ல தான் கீது, போயிடலாம்" என்றார்.

"நான் இன்னாத்துக்கு போவணும்? என் கொழம்பு யாரு குடியக் கெடுத்துச்சி?" என்றாள் அம்மா. குரல் கிளம்பும்போது இருந்த வேகம் முடியும்போது இல்லை.

எனக்கு உள்ளூர இரண்டு மனசு. சறுக்குமரம் ஒரு பக்கம் இழுத்தது. ஆனால் அன்று ராச்சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா வெளியே போய், பலகையில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு, எழுத்துக்கூட்டிப் படிக்காமலேயே உள்ளே வந்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சறுக்குமரம் வேண்டாம் என்று ஆகிவிட்டது. பலகை இறங்கினால் அம்மா இறங்கிவிடுவாள் என்பது அந்த வயதிலேயே எனக்குப் புரிந்துபோனது.

சனிக்கிழமை காலையில் முருகேசன் அண்ணா வந்தார். வந்தார் என்பதைவிட, இசக்கி அண்ணா தள்ளிக்கொண்டு வந்தார் என்பது சரி. அடுப்படி வாசலில் நின்று, "அக்கா, அது கதிரும் இல்லீங், ஒண்ணும் இல்லீங். புளிங்க்கா. புளி விட்ட எதுல முக்குனாலும் அந்தக் காயிதம் செவக்குமுங்க" என்றார்.

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "அப்ப அத ஊருல போயி சொல்லு."

"சொல்றேனுங்க்கா."

"கொழம்புல இன்னாத்துக்கு காயிதத்த வுட்டேன்னு கேப்பாங்களே. அதுக்கு இன்னா சொல்லுவ?"

முருகேசன் அண்ணாவுக்கு அப்போதுதான் சிக்கல் புரிந்தது. மெஸ்ஸைக் காப்பாற்ற வேண்டுமானால் அக்கா சமையல் நெஞ்சைக் கரிக்கிறது என்று ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குக் கதிரே மேல் என்று அம்மா நினைத்துவிட்டால்? கடைசியில், "நாளைக்கு மத்தியானம் எல்லாத்தையும் வெச்சுச் சொல்லிப்போடறேனுங்க்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். இசக்கி அண்ணா பஸ் ஸ்டாண்டு வரை போய்ச் சொல்லிவைத்திருந்ததால், வித்தை பார்க்க வருவதுபோலக் கூட்டம் வந்துவிட்டது. கடையை மூடிவிட்டு யாகூப் பாய் வந்தார். பால் கேனோடும் மோர்த் தூக்கோடும் தேவகி அக்கா வந்தாள். அப்பா திண்டாட்டத்தோடு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா படியில் நின்றாள். முருகேசன் அண்ணா வரிசையாகக் கிளாஸ்களை வைத்து, வெறும் புளித்தண்ணீரில் காகிதத்தை விட்டார், சிவந்தது. பெட்டிக்கடையிலிருந்து வாங்கி வந்த எலுமிச்சை ஜூஸில் விட்டார், சிவந்தது. தேவகி அக்காவின் தூக்கிலிருந்த மோரை ஊற்றி அதில் விட்டார்; அதுவும் சிவந்தது.

"யோவ், அது சாம்பிள் பாஸான மாட்டு மோரு" என்று தேவகி அக்கா முன்னால் வந்தாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது பாதிப் பயம் போயிருந்தது. கடைசியாகக் குழம்பில் விட்டுச் சிவந்ததைக் காட்டியதும், "அட, புளிக்குப் போயி பேஜாரா ஆக்கிட்டாங்களேப்பா" என்று ஒரு டிரைவர் தலையைச் சொறிந்தார். அவரே அடுத்த கேள்வியையும் கேட்டார். "அதெல்லாம் சர்தான் தம்பி. நீ இன்னாத்துக்கு அக்கா கொழம்புல பேப்பர வுட்ட?"

முருகேசன் அண்ணா அம்மாவைப் பார்த்தார். அவர் காது, முதல் கவளம் சாப்பிட்டாற்போலச் சிவந்திருந்தது.

"எனக்கு நெஞ்சு கரிக்குதுங்க. அக்கா கையில சாப்பிட ஆரம்பிச்ச நாள்ல இருந்து கரிக்குதுங்க. எதனாலேன்னு பாக்கத்தான் விட்டேனுங்க."

சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு ரோஸ் மாத்திரையை எடுத்து நொறுக்கித் தண்ணீரில் கரைத்து, சிவந்துபோன காகிதத்தை அதில் போட்டார். அது மெல்ல மெல்ல நீலமாக மாறியது. கூட்டம் "ஆ" என்றது. யாகூப் பாய் மட்டும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா படியை விட்டு இறங்கினாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். "வேற யாருக்கெல்லாம் கரிக்குது?"

எல்லோருடைய கையும் தானாகப் போய்ச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

"பாக்கெட்ட காட்டுங்க" என்றாள்.

முதலில் இசக்கி அண்ணா ஓர் அட்டையை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தார். அடுத்தவர் வைத்தார். அதற்கடுத்தவர் பேன்ட் பின்பையிலிருந்து நசுங்கிப்போன ஒன்றை எடுத்தார். கேள்வி கேட்ட டிரைவர் காக்கிச் சட்டைக்குள் கைவிட்டுத் துழாவி ஒன்றை எடுத்தார். பெஞ்சு முழுக்க அட்டைகள். சாமிக்குப் படைத்ததுபோல வரிசையாக இருந்தன. அம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் அழுதுவிடப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"ஏன்டா, ஒருத்தனுக்குக்கூட எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"

இசக்கி அண்ணாதான் பதில் சொன்னார். "சொன்னா நீங்க காரத்தக் கொறச்சிருவியல்லா, அக்கா."

அதற்கு மேல் விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவின் உதடுகூடக் கொஞ்சம் நெளிந்தது. அந்த நேரத்தில்தான், இதுவரை தூணோடு தூணாக நின்ற அப்பா மெல்ல நகர்ந்து வந்து, சட்டையின் உள்பையிலிருந்து பாதி தீர்ந்த ஓர் அட்டையை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தார்.

அம்மா அந்த அட்டையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "எப்பத்துலேர்ந்து?"

"கல்யாணத்துக்கு மறுநாளுலேர்ந்து."

"இத்தினி வருசமா எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

அப்பா ஒருநாளும் நாலு பேர் முன்னால் இத்தனை வார்த்தை பேசியவரில்லை. "மொத நாளே சொல்லலாம்னுதான் வந்தேன். நீ அடுப்பாண்ட நின்னுகினு, நல்லா கீதான்னு கேட்ட. உம் மூஞ்சப் பாத்தேன். கொழம்பும் நல்லாதான் இருந்திச்சி. கரிச்சா இன்னா, கரிச்சிட்டுப் போவுது."

அம்மா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், மெஸ் மூடியாகிவிட்டது, நாளைக்கே குவார்ட்டர்ஸ்தான் என்று நான் நினைத்தேன். முருகேசன் அண்ணா கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கட்டு இலையோடு அம்மா வெளியே வந்தாள். "குந்துங்க" என்றாள்.

குந்தினார்கள். பெஞ்சு போதாமல் தரையிலும் குந்தினார்கள். அன்றைய சங்கரா மீன் குழம்பில் அம்மா ஒரு சிட்டிகைத் தூளைக்கூடக் குறைக்கவில்லை என்பதற்கு வரிசை முழுவதும் மூக்கை உறிஞ்சிய சத்தமே சாட்சி. எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில், பெஞ்சில் கிடந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். வாழைப்பழம் வைப்பதுபோல, ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் ஒரு ரோஸ் மாத்திரையை உடைத்து வைத்துக்கொண்டே போனாள். "இனிமே எவனும் செவுத்தப் பாத்து நின்னுகினு துன்னக்கூடாது. நொறுங்கத் தின்னா நூறு வயசு. மாத்திரையையுந்தான்" என்றாள்.

அதிலிருந்து சரோஜா மெஸ்ஸில் மோருக்குப் பிறகு மாத்திரை என்பது வழக்கமாகிப்போனது. பரிமாறுவது என் வேலை. வேண்டாதவர்கள் கையைக் குறுக்கே நீட்டுவார்கள். அவர்கள் கைமேல் மட்டும் அம்மா எதையும் கவிழ்க்க மாட்டாள். சாம்பாரிலாவது கொஞ்சம் அடக்கி வாசிக்கலாமே என்று அவளுக்கே தோன்றிச் சில நாள் செய்து பார்த்தாள். பையன்களின் முகம் தொங்கிப்போனதும் விட்டுவிட்டாள். அப்பாவுக்கு மட்டும் தனியாகச் சின்னச் சட்டியில் காரம் குறைத்து வைத்தாள். நாலு நாள் பொறுத்துப் பார்த்த அப்பா ஐந்தாம் நாள், "இது கொழம்பா, கசாயமா?" என்று கேட்டுவிட்டுப் பெரிய சட்டியிலிருந்தே ஊற்றிக்கொண்டார். தேவகி அக்கா சும்மா இருப்பாளா? நீலக் காகிதத்தைத் தன் பாலில் விட்டால் சிவக்கவே சிவக்காது என்று முருகேசன் அண்ணாவை வைத்து நிரூபித்துவிட்டு, அதையும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முருகேசன் அண்ணாவின் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி வரை போனோம். பந்தியில் அம்மாவை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். தேங்காய் வாசனையோடு பதினாறு வகையும் வந்தது. வெளியே வந்ததும் அம்மா என் காதில், "பாவம்டி, இந்தப் புள்ளைக்கி இனிமே வாயெல்லாம் செத்துப்போவும்" என்றாள்.

இப்போது புதுப்பட்டினத்து வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகிவிட்டது. கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டல்கள் வந்துவிட்டன. அம்மாவுக்கு முட்டி வலி வந்த பிறகு இரண்டாயிரங்களின் நடுவில் பலகையைக் கழற்றினோம். யாகூப் பாய் கடையில் இப்போது அவருடைய பேரன் உட்கார்ந்திருக்கிறான். ரோஸ் மாத்திரை இன்னும் விற்பதாகச் சொன்னான், ஆனால் கேட்கிறவர்கள் குறைவாம். எல்லாரும் காலையில் வெறும் வயிற்றில் போடுகிற கேப்ஸ்யூலுக்கு மாறிவிட்டார்கள். சென்னையை ஒட்டிய படூரில், இப்போது நான் இருக்கும் அடுக்குமாடியிலும் அதே கதைதான். என் வீட்டுக்காரர் உட்படப் பலரும் பல் விளக்கியவுடன் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் அடுத்த வேலை. அப்போது சாப்பிட்ட பிறகு மருந்து. இப்போது இனிமேல் சாப்பிடப்போகிற சாப்பாட்டின்மேல் காலையிலேயே சந்தேகம். போனில் வரவழைத்த பிரியாணி கொஞ்சம் உறைத்தால் அடுத்த நிமிஷம் ஒற்றை நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதியும் விடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். சமைத்தவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்ட அந்தப் பையன்கள் மாதிரி ஆட்கள் இப்போது இல்லை. அவர்கள் செய்தது உடம்புக்கு நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எழுதியதை அழித்துவிடலாம் என்றும் தோன்றுகிறது.

அப்பா காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. நெஞ்சுக் கரிப்பால் இல்லை. அவருக்கு நல்ல வயசாகியிருந்தது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். காரம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இத்தனை நாள் அவள் பக்கத்தில் நின்று தாளித்துக் கொடுத்திருக்கிறேனே தவிர, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை நானாக வைத்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாக வைத்தேன். தூளைக் குறைத்துத்தான் போட வேண்டும் என்று ஆரம்பித்தேன், கை கேட்கவில்லை. அம்மா சாப்பிட்டாள். மூக்கை உறிஞ்சினாள். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "நல்லா கீது" என்றாள்.

கை கழுவிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து "டப்" என்று அட்டை உடைகிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லுகிற சத்தம். நான் கூடத்தில் அப்படியே நின்றேன். ஏம்மா, என்கிட்ட சொல்லக்கூடாதா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அதற்குள் அம்மாவின் குரல் வந்தது. "மீந்தத கொட்டிடாதடி. ராத்திரிக்கி வையி."